மூணே முக்கால் மேகம்

சகாயசெல்வி பார்க்கும் வேலையை ஒரே வரியில் சொல்லி யாருக்கும் புரியவைத்ததில்லை. "வானத்தப் பாத்து ஜன்னல் திரைய இறக்குறது" என்று ஒருமுறை கடலூர் முதுநகர் மீன் மார்க்கெட்டில் சொல்லிப்பார்த்தாள். "அதுக்கு எதுக்கும்மா சிதம்பரம் வரைக்கும் போற? உங்க ஊட்ல ஜன்னல் இல்லியா?" என்று மீன்காரம்மா திருப்பிக் கேட்டாள். சகாயசெல்வி அரைக்கிலோ சங்கராவை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

உண்மையில் வானத்தைப் பார்ப்பது அவள் இல்லை. சிதம்பரத்தில் புவனகிரி சாலையில் ஒரு தனியார் கல்லூரி. அதற்குப் புதிதாக மூன்று மாடியில் ஒரு நூலகக் கட்டடம். அதன் மொட்டைமாடியில், படிக்கட்டு அறைக்கும் மேலே, ஒரு குட்டைக் கம்பத்தின் உச்சியில் கவிழ்த்துவைத்த தேங்காய் மூடி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. அதற்குள் ஒரு கேமரா. மொத்த வானத்தையும் ஒரே வட்டத்துக்குள் அடக்கிப் பத்து விநாடிக்கு ஒரு படம் எடுக்கும். சூரியன் எங்கே நிற்கிறது, மேகம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எத்தனை நிமிடத்தில் வெயிலை மறைக்கும் என்றெல்லாம் கீழே இருக்கும் கம்ப்யூட்டர் அந்தப் படங்களை வைத்துக் கணக்குப் போடும். வெயில் படிப்பவர் கண்ணைக் குத்தப்போகிறது என்றால் அந்தப் பக்கத்துத் திரைகள் தாமாக இறங்கும், உள்ளே விளக்குகள் கூடும். மேகம் மூடினால் திரைகள் ஏறும், விளக்குகள் அடங்கும்.

இத்தனையையும் கட்டி மேய்ப்பதுதான் சகாயசெல்வியின் வேலை. பதவியின் பெயர் கட்டட இயக்குநர். பெயரைக் கேட்டால் பெரிய சுழல் நாற்காலி ஞாபகத்துக்கு வரும். அவளுக்கு இருந்தது மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு டெஸ்டர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவள் கணவன் அடைக்கலராஜ் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். வேலை கிடைத்த அன்று அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சிதம்பர ரகசியத்து ஊர்ல திரைய தொறந்து மூடுறதுக்கு எங்கேருந்து ஆளு புடிச்சிருக்காங்க பாரு! துறைமுகத்து வேதக்காரிய!"

அவன் சிரித்ததில் தப்பில்லை. சகாயசெல்விக்கு முப்பத்தொன்பது வயது. அதில் பதின்மூன்று வருஷத்தை ஓர் எலக்ட்ரிகல் கடையின் கவுண்டருக்குப் பின்னால் நின்றே கழித்தவள். கடலூர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் அவள் படித்த வருஷம் பெண்கள் இரண்டே பேர்: இவள், இன்னொருத்தி புவனகிரியிலிருந்து வந்த இளவரசி. இரண்டு பேரும் நல்ல மார்க் வாங்கினார்கள். மார்க் வாங்கி என்ன செய்ய? ஒயரிங் கான்ட்ராக்டர்கள் சர்ட்டிபிகேட்டைப் பார்த்தார்கள், ஆளைப் பார்த்தார்கள், "ஏணி ஏறணுமேம்மா" என்று இழுத்தார்கள். ஏணி ஏறத்தான் படித்தேன் என்று சொன்னால் சிரித்தார்கள். இளவரசி கல்யாணம் கட்டிக்கொண்டு மாவு மில் வைத்தாள். சகாயசெல்வி பல்பு விற்கப் போனாள்.

கடையில் அவளுக்குத் தெரியாத சாமான் கிடையாது. ஆனால் வருகிறவர்கள் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப்பார்ப்பார்கள். "ஆம்பள யாரும் இல்லியா?" "இருக்காரு, டீ குடிக்கப் போயிருக்காரு. அவரு வந்தாலும் எங்கிட்டதான் கேப்பாரு" என்பாள். அப்படியும் காத்திருந்த புண்ணியவான்கள் உண்டு.

நடுவில் ஒரே ஒருமுறை ஏணி அவள் கைக்கு வந்தது. தானே புயல் ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு, கடலூரில் எந்த வீட்டுக் கூரையும் எந்த வீட்டு ஒயரும் இருந்த இடத்தில் இல்லை. ஆள் பற்றாக்குறை. அப்போது எந்தக் கான்ட்ராக்டரும் ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. இரண்டு மாதம் அவள் ஏறாத சுவர் இல்லை. ஊரே அழுதுகொண்டிருந்த நேரத்தில் இவள் மட்டும் உள்ளூரச் சந்தோஷமாக இருந்தாள். அது பாவமா என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கேட்டும் வைத்தாள். மின்சாரம் வந்தது. ஏணி பறிபோனது. அவள் மறுபடியும் பல்பு விற்கப் போனாள்.

அதனால்தான் இந்த நூலக வேலையை அவள் அப்படிப் பிடித்துக்கொண்டாள். ஆள் எடுக்க வந்தவன் சித்தார்த், அந்தக் கருவியைப் பொருத்திய கோயம்புத்தூர் கம்பெனியின் இன்ஜினியர். நேர்காணலுக்கு வந்த ஆறு ஆண்களும் வேலை நேரம் என்ன, ஞாயிறு லீவா என்று கேட்டார்கள். சகாயசெல்வி, "வெள்ள மேகமும் வெயில் பட்ட வெள்ளச் சுவரும் அதுக்கு ஒண்ணாத் தெரியாதா சார்?" என்று கேட்டாள். சித்தார்த் பேனாவை மூடி வைத்துவிட்டான். ஜூன் மாதம் சேர்ந்தாள். அக்டோபர் கடைசி வரை தகுதிகாண் காலம். கருவி ஒழுங்காக ஓடினால் அவளும் நிரந்தரம். ஓடாவிட்டால் திரைக்குப் பழையபடி கயிறு, அவளுக்குப் பழையபடி கடை. கடைக்காரர் அவள் இடத்துக்கு இன்னும் வேறு ஆள் போடவில்லை. "எப்பன்னாலும் வா சகாயம்" என்று வழியில் பார்க்கும்போதெல்லாம் அன்பாகச் சொல்வார். அதைக் கேட்டதும் அவள் நடையை எட்டிப் போடுவாள்.

மூன்று மாதம் எல்லாம் ஜோராகப் போயிற்று. திரை தானாக இறங்குவதைப் பார்க்க மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள். மேற்குக் கூடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து குரூப் தேர்வுக்குப் படிக்கும் வெளியாட்கள் மட்டும் எதற்கும் தலை தூக்காமல் படித்தார்கள். தலை தூக்காமல் படிக்கிறார்கள் என்றால் வெளிச்சம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் என்பது சகாயசெல்வியின் அளவுகோல். மாதம் பிறந்ததும் ஒன்றாம் தேதி மேலே ஏறி, மெல்லிய துணியால் குமிழைத் துடைத்துவிட்டு வருவாள். காக்கை எச்சம், தூசி, எதுவும் விடமாட்டாள்.

அக்டோபரில் பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த திங்கட்கிழமைதான் சனியன் பிடித்தது. மதியம் மூன்றே முக்கால் மணி. வெளியே வெயில் கொளுத்துகிறது. மேற்குக் கூடத்தின் பதினாறு திரைகளும் ஒன்றுபோலச் சர்ரென்று மேலே ஏறின. விளக்குகள் மங்கின. மேற்கு வெயில் நேராக வந்து படிப்பவர்கள் முகத்தில் அறைந்தது. நாலரை மணிக்குத் திரைகள் ஒன்றுமே நடக்காதது போலக் கீழே இறங்கின. மறுநாளும் அதே மூன்றே முக்கால். புதன்கிழமை வானம் மூட்டமாக இருந்தது, கோளாறு இல்லை, அப்பாடா என்றாள். வியாழக்கிழமை வெயில் வந்தது, கோளாறும் வந்தது.

வெள்ளிக்கிழமை ஒருவர் குடை கொண்டுவந்திருந்தார். மூன்று நாற்பதுக்கே அதை விரித்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, இந்திய அரசியலமைப்பில் ஆழ்ந்துவிட்டார். நூலகர் அறிவுமதி அந்தக் காட்சியைப் போட்டோ எடுத்து, தாளாளர் தில்லைநாதனுக்கு அனுப்பிவிட்டுத்தான் சகாயசெல்வியைக் கூப்பிட்டாள்.

"என்னங்க இது? லைப்ரரியா, பீச்சா?"

"பாத்துடறேன் மேடம். அதுவரைக்கும் அந்த நேரத்துக்கு நானே வந்து பட்டன அமுக்கித் திரைய இறக்கிடறேன்."

"தெனமும் ஒரு ஆளு வந்து பட்டன அமுக்கறதுக்கு எதுக்குங்க வானத்துல கேமரா? கயிறே போதுமே."

சகாயசெல்விக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏனென்றால் அறிவுமதி சொன்னது நியாயம். தாளாளரும் அதே நியாயத்தைத்தான் கடிதமாக அனுப்பினார்: வருகிற புதன்கிழமை மாலை மூன்றரை மணிக்கு மேற்குக் கூடத்தில் தாமே வந்து உட்காருவார், யாரும் எந்தப் பட்டனையும் தொடக்கூடாது, கருவி இருப்பதா கழற்றுவதா என்று அங்கேயே முடிவு செய்வார்.

அவள் சித்தார்த்தைப் போனில் பிடித்தாள். அவன் தலையில் நாற்பது கட்டடங்கள். எந்த நேரத்தில் அழைத்தாலும் வேறொரு ஊரின் மொட்டைமாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு பேசுவான்.

"மேடம், நீங்க அனுப்புன படத்தப் பாத்தேன். மேற்கால செவப்பா ஒரு மேகம் இருக்கு. சூரியன் அதுக்குப் பின்னாடி போவுது. அதான் திரை ஏறுது. சிஸ்டம் கரெக்டாத்தான் வேலை செய்யுது."

"சார், நான் ஜன்னல்கிட்டதான் நிக்கிறேன். வானத்துல ஒரு பொட்டு மேகம் கெடையாது."

"படத்துல இருக்கே மேடம்."

"குமிழ்ல ஏதும் அழுக்கா இருக்குமோ?"

"எப்ப தொடச்சீங்க?"

"ஒண்ணாந்தேதி, நானே ஏறித் தொடச்சேன். பளிங்கு மாதிரி இருந்துச்சு."

இங்கேதான் அவள் கெட்டிக்காரத்தனம் அவள் காலை வாரிவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை துடைத்தால் போதும் என்று கம்பெனியின் கையேடு சொன்னது. தன் கையால் துடைத்ததைத் தானே சந்தேகப்படுவதா? அந்த இரும்பு ஏணியில் ஏறிப் பார்த்திருந்தால் ஒரே நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயம். அவள் ஏறவில்லை. ஒயர்களைப் பார்த்தாள், மோட்டார்களைப் பார்த்தாள், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள், பிறகு சந்தேகம் முழுவதையும் வானத்தின் மேல் போட்டாள்.

அந்தச் சிவப்பு மேகம் திங்கட்கிழமையும் படத்தில் அதே இடத்தில் இருந்தது. அவள் படத்தைத் திறந்து பார்த்ததெல்லாம் மூன்றே முக்காலுக்கு மட்டும்தான். அது எந்த ஊர் மேகம், வேலைக்குப் போகிற ஆள் மாதிரி நேரம் தவறாமல் வருகிறதே என்று யோசித்தவளுக்கு, புகையாக இருக்குமோ என்று தோன்றியது. மேற்கே எங்கேயாவது கரும்புச் சோகையைக் கொளுத்துகிறார்கள் என்றால்? செவ்வாய்க்கிழமை சரியாக மூன்றே முக்காலுக்குப் புவனகிரி இளவரசிக்குப் போன் போட்டாள்.

"இளவரசி, வெளிய வந்து வானத்தப் பாரேன். செவப்பா மேகமோ பொகையோ தெரியுதா?"

"ஏண்டி, மில்லுல ஆறு பேரு மொளகாய வெச்சிக்கினு நிக்கிறாங்க, வானத்தப் பாக்கச் சொல்றே!" என்று திட்டிக்கொண்டேதான் இளவரசி தெருவுக்கு வந்தாள். "ஒண்ணும் இல்லடி. பளிச்சுனு நீலமாக் கெடக்கு. ஒங்க கேமராவுக்குக் கண்ணுல பூ வுழுந்துடுச்சோ என்னமோ. ஏறிப் பாத்தியா?"

"ஒண்ணாந்தேதி தொடச்சேண்டி."

"இன்னிக்குத் தேதி பதினாலு. ஏறுடி மொதல்ல!"

ஏறினாள். ஏணியின் கடைசிப் படியில் கால் வைத்துத் தலையைத் தூக்கினாள்.

குமிழின் மேற்குப் பக்கத்தில், ஏணி வழியாக வருகிறவருக்கு நேர் எதிரே, வெயிலில் காய்ந்து இறுகிய வட்டமான சந்தனப் பொட்டு. அதன் நடுவே குங்குமம்.

வைத்தவள் யாரென்று தேட வேண்டியதே இல்லை. அவளேதான்.

ஒன்றாம் தேதி அவள் குமிழைத் துடைத்த அன்றுதான் ஆயுத பூஜை. துப்புரவுப் பணியாளர்களின் மேஸ்திரி தில்லையம்மாள் கையில் தட்டுடன் கட்டடம் முழுக்கச் சுற்றி வந்தாள். லிப்ட் கதவு, ஜெனரேட்டர், ஜெராக்ஸ் மிஷின், துடைப்பம், அட்டை வெட்டும் கத்தி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தாள். மாடிப்படிக்கு அடியில் இருந்த அறைக்கும் வந்தாள். "ஒம்மிஷினு மேல இல்ல இருக்குது? வா சகாயம், அதுக்கும் வெச்சிட்டு வந்துடுவோம்." சகாயசெல்வி வீட்டில் பொட்டு வைக்கிற வழக்கமில்லை, அவள் அப்பா தன் பட்டறைச் சாமானுக்குச் சூசையப்பர் திருநாளில் தீர்த்தம் தெளித்து வாங்குவார், அவ்வளவுதான். ஆனால் "ஒன் மிஷினு" என்று தில்லையம்மாள் சொன்ன அந்த வார்த்தை அவளுக்கு என்னவோ செய்துவிட்டது. பதின்மூன்று வருஷம் அடுத்தவன் கடை, அடுத்தவன் சாமான் என்றே புழங்கியவளுக்குத் தன் மிஷின் என்று ஒன்று இருப்பது அப்போதுதான் உறைத்தது. நாலைந்து பெண்களாகச் சிரித்துக்கொண்டே மேலே ஏறினார்கள். "ஒங்கையாலயே வையி" என்று தில்லையம்மாள் தட்டை நீட்டினாள். அவளும் வைத்தாள். அழுத்தி, அழகாக, வட்டமாக.

அதன் பிறகு அது அவள் நினைவுக்கே வரவில்லை என்பதுதான் வேடிக்கை. கண்ணாடியை எதெல்லாம் மறைக்கும் என்று அவள் பட்டியல் போட்டபோது தூசி வந்தது, எச்சம் வந்தது, சிலந்தி கூட வந்தது. பொட்டு வரவில்லை. நம் ஊரில் அழுக்கு என்றால் யாருக்காவது பொட்டு ஞாபகத்துக்கு வருமா? கேமராவுக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. மதிய வெயில் சாய்ந்து சூரியன் அந்தப் பொட்டுக்குப் பின்னால் போகும்போதெல்லாம், மேகம் வந்துவிட்டது என்று அது நாணயமாகத் திரையை ஏற்றிக்கொண்டிருந்தது.

"சேசுவே!" என்றாள் சகாயசெல்வி. முந்தானையை நனைத்துத் துடைத்தாள். கீழே இறங்கி வந்தபோது கூடத்தின் திரைகள் இறங்கியிருந்தன.

கோளாறு தீர்ந்தது. ஆனால் தலைவலி தீரவில்லை. சித்தார்த் காலையில்தான் சொல்லியிருந்தான்: "காரணம் எழுதாம ரிப்போர்ட் குடுத்தா திரும்ப வரும்னுதான் மேடம் நெனப்பாங்க. கழட்டிடுவாங்க." காரணம் சொல்லாவிட்டால் கருவி போகும், அதோடு அவளும் போவாள். காரணம் சொன்னால் அவள் மட்டும் போவாள்.

அறைக்கு வந்து, சேமித்து வைத்த படங்களில் ஒன்றாம் தேதியைத் தேடி எடுத்தாள். காலை பதினொன்று நாற்பத்திரண்டு. முதல் படத்தில் நீல வட்டம், ஓரத்தில் தில்லையம்மாளின் முகமும் தட்டும் மட்டும். பத்து விநாடி கழித்து அடுத்த படம். அதைப் பார்த்ததும் சகாயசெல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நடுவில் வானம்; அதைச் சுற்றி வளைத்து நாலைந்து தலைகள். எல்லாவற்றையும் விடப் பெரிதாக, பூசணிக்காய் போல உருண்டு, அவள் முகம். நாக்கு நுனியைப் பல்லில் கடித்திருக்கிறாள். கண் இரண்டும் விரல் நுனியில் நிற்கின்றன. சிரிப்பு அடக்கமாட்டாமல் கன்னமெல்லாம் வழிகிறது. காதில் டெஸ்டர் செருகியிருக்கிறது.

யார் இவள் என்று ஒரு நொடி அவளுக்கே தோன்றியது. கல்யாண ஆல்பத்தில் இருப்பவள் பயந்துபோனவள். ஆதார் அட்டையில் இருப்பவளைப் போலீஸ் தேடும். புயலுக்குப் பிந்தைய அந்த இரண்டு மாதத்தில் ஒருத்தரும் அவளைப் படம் எடுக்கவில்லை. யாருக்கு அப்போது படம் எடுக்கத் தோன்றியது? தான் வேலை செய்யும்போது எப்படி இருப்போம் என்று அவள் இன்றுதான் பார்க்கிறாள்.

பின்னால் டீ டம்ளருடன் வந்து நின்ற தில்லையம்மாளும் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள். யோசிக்கவே இல்லை.

"மொத படத்துல நான் மட்டும்தானே இருக்கறேன்? அதக் காட்டு. எம்பேரச் சொல்லிடு. என்னா பண்ணிடுவாங்க, வெளக்கமாத்தப் புடுங்குவாங்களா?"

"ஒங்கள நாளைக்கே நிறுத்திடுவாங்கக்கா. கான்ட்ராக்ட்டு ஆளுங்கள நிறுத்த ஒரு போனு போதும்."

"அப்ப ரெண்டையும் அழிச்சிடு."

சகாயசெல்வி அழிக்கிற பட்டனில் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். ஒரு அமுக்கு, அவ்வளவுதான். கடையின் கவுண்டரை நினைத்தாள், "எப்பன்னாலும் வா"வை நினைத்தாள். மறுபடியும் அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

புதன்கிழமை மூன்றரை மணிக்குத் தாளாளர் தில்லைநாதன் மேற்குக் கூடத்தில் நடு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். எழுபது வயது, சலவை வேட்டி, கையில் நிறுத்துக் கடிகாரம் மாதிரி போன். பக்கத்தில் அறிவுமதி. சுவரில் இருந்த பெரிய திரையில் கோயம்புத்தூரிலிருந்து சித்தார்த்தின் முகம். குடைக்காரர் முன்னெச்சரிக்கையாகக் குடையோடு வந்திருந்தார். மூன்றே முக்கால் ஆயிற்று. மூன்று ஐம்பது ஆயிற்று. வெளியே வெயில் பிளந்தது. திரைகள் இம்மியும் அசையவில்லை. குடைக்காரர் கொஞ்சம் ஏமாந்துதான் போனார்.

"நல்லாத்தானே இருக்குது?" என்றார் தாளாளர். "அப்ப இத்தினி நாளா என்னா வந்துச்சு அதுக்கு?"

அறிவுமதி சகாயசெல்வியைத் திரும்பிப் பார்த்தாள். தாளாளர் போனை மடியில் வைத்தார்.

"ஏன் கெட்டுப்போச்சுன்னு தெரியாம சரியானா, நாளைக்கு ஏன்னு தெரியாமத் திரும்பவும் கெட்டுப்போவும். புள்ளைங்க படிக்கிற எடம் இது. கழட்டிடுங்க."

"மாடிக்குப் போறது ஹவுஸ்கீப்பிங் ஆளுங்கதான் சார். அவுங்கதான் எதுலயாவது கைய வெச்சிருப்பாங்க" என்றாள் அறிவுமதி. அவள் கெட்டவள் இல்லை. மனதில் பட்டதைச் சொன்னாள். டீத்தட்டோடு வாசலில் நின்ற தில்லையம்மாள் தட்டை மேசையில் வைத்துவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, பழியை ஏற்க வாயைத் திறந்தாள்.

"கைய வெச்சது நான் சார்" என்று சகாயசெல்வி முந்திக்கொண்டாள்.

நேராகப் போய், சுவர்த்திரையில் அந்தப் படத்தைப் போட்டாள். சித்தார்த் மறைந்து, ஆறடி அகலத்துக்கு அவள் முகம் வந்தது. கடித்த நாக்கு, சந்தன விரல், சுற்றிலும் சிரிப்பு. குரூப் தேர்வுக்காரர்கள் நாலு மாதத்தில் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார்கள்.

"யாரு இது?"

"நான்தான் சார்."

"கையில என்னா?"

"சந்தனம் சார். ஆயுத பூஜைக்கு வெச்சேன். அதைத்தான் அது மேகம்னு நெனச்சிடுச்சு. நேத்துதான் கண்டுபுடிச்சுத் தொடச்சேன். கருவி மேல தப்பில்ல. தில்லக்கா மேலயும் தப்பில்ல. அழகா இருக்கணுமேன்னு நான்தான் கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சிட்டேன்."

அறிவுமதி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பயனில்லை; சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. மறைந்துபோன சித்தார்த்தின் குரல் மட்டும் எங்கிருந்தோ கேட்டது. "சார், எங்க கையேட்டுல தண்ணி பீச்சக்கூடாது, ஆசிட் போடக்கூடாதுன்னு எழுதியிருக்கோம். பொட்டு வெக்கக்கூடாதுன்னு எழுதல. அது எங்க தப்புதான் சார்."

தாளாளர் சிரிக்கவில்லை. அவர் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை.

"இத நீ காட்டாம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா."

"அழிக்கலாம்னுதான் சார் ஒக்காந்தேன்." அவள் கண்ணும் படத்தில்தான் இருந்தது. "மனசு வரல. இருவது வருசத்துல நான் வேலை செய்யிறாப்புல இருக்கிற படம் எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்குது. வேலையே போனாலும் போவட்டும்னு இருந்துச்சு. போவுறதா இருந்தா இதோட ஒரு காப்பி மட்டும் குடுத்துடுங்க சார்."

தாளாளர் எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார்.

"கண்ணுல சந்தனத்த அப்பினா எனக்குந்தான் ஒண்ணும் தெரியாது. மிஷினு இருக்கட்டும்." நடந்து வாசல் வரை போனவர் திரும்பினார். "அடுத்த வருசம் கம்பத்துக்கு வையிம்மா. வெக்காம வுட்டுடாத. ஆபீசுல வர்ற ஒண்ணாந்தேதிலேருந்து ஒனக்கு ஆர்டரு போடச் சொல்றேன்."

அவர் தலை மறைந்ததும் தில்லையம்மாள் சகாயசெல்வியின் கன்னத்தைக் கிள்ளியதில், நகக்குறி சாயங்காலம் வரைக்கும் போகவில்லை.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பஸ் ஊரைத் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது அவள் அந்தப் படத்தை அடைக்கலராஜின் போனுக்கு அனுப்பினாள். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கிண்டலடிப்பான் என்று தெரியும். அடிக்கட்டும் என்று தயாராகத்தான் இருந்தாள். அவன் எழுதவில்லை, கூப்பிட்டான். பின்னால் இன்ஜின் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது; அதை அவன் நிறுத்துவதும் கேட்டது.

"சகாயம்."

"ம்."

"இது அங்க எடுத்ததா? வேலையிலயா?"

"ஆமா."

படகில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "இருடா" என்றான்.

"பதினாறு வருசமா ஒரே ஊட்ல இருக்கறோம்" என்றான் அவளிடம். "இந்த மூஞ்ச நான் ஒரு நாள் கூடப் பாத்ததில்லியேடி."

பார்த்திருக்கிறாய் என்று சகாயசெல்வி சொல்லியிருக்கலாம், ஆனால் அது பொய். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிக்னல் சரியில்ல, வந்து பேசறேன்" என்றாள்.

"சிக்னல் நல்லாத்தான் இருக்குது. கேளு. நாளைக்குக் காலையில ஒன்ன நானே வண்டியில சிதம்பரத்துக்குக் கொண்டுபோயி வுடறேன். அந்த மாடியில நானும் ஒருவாட்டி ஏறிப் பாக்கணும்."